எடையைப் படிக்கிறோம், பிள்ளையைப் படிக்கிறோமா?



ஆண்டுக்கு இருமுறை நம் பள்ளிகளில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் எடை பார்ப்பார். ஒருவர் உயரம் அளப்பார். இன்னொருவர் படிவத்தில் எழுதுவார். 'செகாக்' என்று நாம் சுருக்கமாக அழைக்கும் தேசிய உடற்திறன் சோதனையின் ஒரு பகுதி இது. நாடு முழுவதும் 2008ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. பலகையில் ஏறி இறங்குதல், தண்டால், பாதி எழுந்து படுத்தல், உட்கார்ந்து முன்னோக்கி எட்டுதல் ஆகிய நான்கு சோதனைகளுக்கும் புள்ளிகள் உண்டு. எடையும் உயரமும் தனியே பதியப்பட்டு, அவற்றிலிருந்து பி.எம்.ஐ. என்னும் உடல் எடைச் சுட்டெண் கணக்கிடப்படுகிறது.

சோதனையை நான் எதிர்க்கவில்லை. அதை நடத்தும் முறையையும், அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பிள்ளைகளைப் பேசும் பேச்சையுமே எதிர்க்கிறேன்.

நான் அறிந்த ஒரு பள்ளியில் நடந்ததைக் கூறுகிறேன். எடை பார்த்தவர், எழுதுபவர் தொலைவில் இருந்ததால், ஒவ்வொரு மாணவரின் எடையையும் உரக்கக் கூவினார். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் முறை வந்தது. எண் கூவப்பட்டது. வரிசை சிரித்தது. "தராசு உடைஞ்சிடப் போகுது, இறங்குடா" என்று கூவியவரே ஒரு நகைச்சுவையும் சேர்த்தார். பையனும் சிரித்தான். "பார்த்தீர்களா, அவன் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாத பிள்ளை" என்று பின்னர் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த முறை எடை பார்த்த நாளில் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலி என்று கடிதம் வந்தது. எந்த வயிறு, எந்த வலி என்று எவரும் கேட்கவில்லை.

மூன்றும் ஒன்றல்ல

நம்மிடையே ஆழ வேரூன்றிய ஒரு குழப்பம் உள்ளது. எடை, உடல்நலம், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக எண்ணிக்கொள்கிறோம். மெலிந்தவர் நலமானவர், நலமானவர் மகிழ்ச்சியானவர் என்று ஒரு சாரார் நினைக்கின்றனர். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையே நலமான பிள்ளை, குண்டாக இருப்பவர் எப்போதும் சிரித்த முகத்தினர் என்று மற்றொரு சாரார் நினைக்கின்றனர். இரண்டுமே பிழை.

முதலில் அந்தச் சுட்டெண்ணையே எடுத்துக்கொள்வோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தந்தவர் பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த அடால்ப் கெட்டலே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் பயின்றவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய ஆர்வமாக இருந்தது. பி.எம்.ஐ. என்ற பெயரை அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் 1972இல் சூட்டினார். பெருந்தொகை மக்களை ஒப்பிட்டு ஆராய அது எளிய கருவி. தனியொரு மனிதரின் நலத்திற்குத் தீர்ப்பு எழுத அது போதாது.

பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. 140 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோகிராம் எடையும் உடைய ஒரு பத்து வயதுச் சிறுவனின் சுட்டெண் ஏறக்குறைய 23. உலகப் பொது அளவுகோலில் பெரியவருக்கு அது இயல்பான எண். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட சிறார் வளர்ச்சி அட்டவணையில் அதே எண் பத்து வயதுச் சிறுவனுக்கு உடற்பருமன் என்னும் பிரிவில் விழுகிறது. வயதும் பாலும் அறியாமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது. பத்து, பதினொரு வயதில் பெண்பிள்ளைகள் பூப்பெய்தும் பருவத்தில் உடல் பூரிப்பது இயற்கை. அந்த வயதில்தான் நாம் வரிசையில் நிறுத்தி எண்ணைக் கூவுகிறோம்!

இனி, 'மெலிந்தவர் நலமானவர்' என்னும் நம்பிக்கைக்கு வருவோம். இந்தியாவின் பூனா நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் சுட்டெண்ணும் ஒன்றே: 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு! பார்வைக்கு மெலிந்த இந்திய உடல், உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதே 2004இல், ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23இலேயே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது.

இது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். அந்த மூவரில் ஒருவர் எல்லாரும் குண்டானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். "எனக்கென்ன, நான் ஒல்லிதானே" என்று மூன்று வேளையும் இனிப்புத் தேநீர் பருகியவர்களும் அவர்களுள் உண்டு.

'குண்டானவர் மகிழ்ச்சியானவர்' என்னும் கட்டுக்கதை

மேற்கூறிய பையன் சிரித்ததை நினைத்துப் பாருங்கள். பருத்த உடலினர் இயல்பாகவே மகிழ்ச்சி மிக்கவர்கள் என்னும் எண்ணம் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் 1976இல் கிரிஸ்ப், மெக்கின்னஸ் என்னும் இருவர் அப்பொருளில் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். நம் தமிழ்த் திரைப்படங்களோ உடலையே நடிகரின் பெயரோடு ஒட்டி வைத்தன. குண்டு கல்யாணம் என்றோம். ஓமக்குச்சி நரசிம்மன் என்றோம். பருத்தவரைக் கண்டாலும் சிரித்தோம். மெலிந்தவரைக் கண்டாலும் சிரித்தோம்.

பின்னர் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 58,745 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளை லுப்பினோ குழுவினர் 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். உடற்பருமன் உடையோர்க்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதல். மனச்சோர்வு உடையோர்க்குப் பிற்காலத்தில் உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல். இரு பக்கமும் சாலை திறந்திருக்கிறது! வருந்தும் பிள்ளை தின்கிறது. தின்ற பிள்ளை வருந்துகிறது. இந்தச் சுழலுக்குள் நம் கேலியையும் எறிந்தால் என்ன ஆகும்?

'கேலி செய்தால்தான் உறைக்கும், உறைத்தால்தான் மெலியும்' என்று வாதிடுவோர் நம்மிடையே பலர். ஆசிரியர்களும் உண்டு; அத்தைமார்களும் உண்டு. அவர்களுக்கு மூன்று சான்றுகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் அண்டை நாடு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992ஆம் ஆண்டு 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். சில பள்ளிகளில் ஓய்வு நேரத்திலேயே செய்தார்கள். பருமனான மாணவர்களின் விழுக்காடு ஏறத்தாழ 14இலிருந்து பத்துக்குக் கீழே இறங்கியது உண்மை. ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயர் 'டி.ஏ.எஃப்.' அதைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது குண்டு! பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணுகிறீர்கள்? கேலியும் ஒதுக்கலும் பற்றிய குறைகூறல்கள் பெருகின. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் முழு நலத்தையும் நோக்கும் வேறொரு திட்டம் வந்தது. எண்ணைக் குறைக்க வல்ல ஓர் அரசே, எண் மட்டும் போதாது என்று வழி மாறியது.

இரண்டாவது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே 79 பள்ளிகளில் 28,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பல ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. பிள்ளையின் சுட்டெண்ணைப் பெற்றோருக்கு அறிக்கையாக அனுப்பினால் எடை குறையுமா என்பதே கேள்வி. குறையவில்லை. மாறாக, பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளிடையே தம் உடலைப் பற்றிய மனநிறைவுதான் குறைந்தது.

மூன்றாவதே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலம் பின்தொடரப்பட்ட மக்களின் தரவுகளை ராபின்சன் குழுவினர் 2015இல் ஆராய்ந்தார்கள். 'நான் குண்டு' என்று தம்மை எண்ணிக்கொண்டவர்கள், மற்றவர்களைவிடப் பிற்காலத்தில் அதிக எடை கூடினார்கள். அவர்கள் உண்மையிலேயே குண்டாக இருந்தார்களா இல்லையா என்பது முதன்மையாக இல்லை. அந்த எண்ணமே எடை ஏற்றியது!

எண்ணத்தைக் கொடுப்பவர் யார்?

என் வாதத்தின் நடுவுக்கு வந்துவிட்டேன்.

மனிதர் தம் உடல்நலத்தைப் பற்றித் தாமே என்ன நினைக்கிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று. 'உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?' என்ற ஒரே கேள்விக்கு மக்கள் அளித்த விடை, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறது என 27 ஆய்வுகளைத் தொகுத்த ஐட்லர், பென்யமினி ஆகியோர் 1997இல் எழுதினார்கள். மருத்துவர் நமக்குத் தரும் மதிப்பீட்டைவிட, நாமே நமக்குத் தரும் மதிப்பீடுதான் நம் மகிழ்ச்சியோடு நெருங்கிப் பிணைந்திருக்கிறது என்பதை எட் டீனர் முதலிய உளவியல் அறிஞர்களும் 1999இல் எடுத்துக்காட்டியுள்ளார்கள்.

பெரியவர் ஒருவர் தம் உடலைப் பற்றிய கருத்தைத் தம் பட்டறிவால் பெறுகிறார். பத்து வயதுப் பிள்ளை எங்கிருந்து பெறும்? நம்மிடமிருந்துதான்! ஆசிரியர் கூவும் எண்ணிலிருந்து, மாமா வைக்கும் பட்டப்பெயரிலிருந்து, வகுப்பு நாடகத்தில் நாம் கொடுக்கும் வேடத்திலிருந்து பெறுகிறது. ஆண்டுதோறும் கும்பகர்ணன் வேடம் யாருக்குப் போகிறது? கயிறு இழுக்கும் போட்டியில் தவிர வேறு எதிலும் பெயர் இல்லாதவன் யார்? நடனத்தில் மூன்றாம் வரிசையை விட்டு முன்னே வராத பெண்பிள்ளை யார்? நாம் எதையும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

மெலிந்த பிள்ளைகளையும் நாம் விட்டுவைப்பதில்லை. 1979 முதல் நடந்துவரும் கூடுதல் உணவுத் திட்டத்தில் காலையில் பள்ளியில் உண்ணும் ஏழைப் பிள்ளையைப் பார்த்து, "வீட்ல சோறு போடலையா?" என்று கேட்பவர் உண்டு. 2019ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தார்கள். 5 முதல் 17 வயது வரையிலானோருள் 29.8 விழுக்காட்டினர் மிகையான எடையோடு இருந்தார்கள். ஒரே நாட்டில், பல வேளைகளில் ஒரே வகுப்பறையில், இரு துன்பங்களும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நாம் தருவது கேலி ஒன்றையே.

நம்மூர் நிலை

யோங் பெங் உண்டு மகிழும் ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போவோரும் வருவோரும் நெடுங்காலமாக இங்கு வண்டியை நிறுத்திப் பசியாறுகிறார்கள். ஃபூச்சோவ் சீனர்களின் மீன் உருண்டையும் ரொட்டியும் ஊருக்கே அடையாளம். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இன வேறுபாடின்றி எல்லாருக்கும் உரியவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நம் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. நம் பாட்டனும் பாட்டியும் இருள் விலகும் முன்பே எழுந்து பால்மரம் சீவப் போனவர்கள். அரை வயிற்றுக்கு உண்டு, நாள் முழுதும் நடந்து, பால் வாளி சுமந்தவர்கள். பஞ்சம் கண்ட அந்தத் தலைமுறைக்குச் சதைப்பிடிப்பான பிள்ளை என்றால் பசி தீர்ந்த வீடு என்று பொருள். "ஏன்டா இளைச்சுப் போயிட்ட?" என்று பாட்டி கேட்பது அன்பின் மொழி, அந்த அன்பை நான் குறை சொல்லேன். தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்தோம். சோற்றின் அளவு கூடியது, நடை நின்றது, நெகிழிப் புட்டியில் இனிப்பு நீர் வந்தது. தாயும் தந்தையும் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ உழைத்துவிட்டு வார இறுதியில் வருகின்ற வீடுகளில், பிள்ளையைப் பிரிந்த ஏக்கத்தை உணவால் ஈடு செய்கிறார்கள். அந்தப் பிள்ளை பருத்தால், குற்றவாளி பிள்ளையா?

பூப்பு நீராட்டு விழாவில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டிய அதே அத்தை, ஆறு மாதம் கழித்து, "என்னம்மா இப்படி ஊதிட்ட, யார் கட்டிக்குவா?" என்று கேட்கிறார். நாமே ஊட்டுகிறோம், நாமே ஏசுகிறோம். பள்ளியும் விலக்கன்று. புதிர்ப்போட்டியில் வென்றால் சாக்லெட், பிறந்தநாளுக்கு அணிச்சல், விளையாட்டுப் போட்டியன்று சிவப்புச் சர்க்கரைப் பானம். அடுத்த வாரம் தராசு!

பிறகு என்னதான் செய்வது?

'அப்படியானால் பிள்ளைகள் எப்படியும் பருக்கட்டும், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. மூவரில் ஒருவருக்கு நீரிழிவு என்னும் சமுதாயத்தில் வாய்மூடி இருப்பது அன்பு ஆகாது. பாட்டி கூறும் 'நல்ல சதைப்பிடிப்பு' என்னும் பொய்யும் வேண்டாம். மாமா கூறும் 'குண்டு' என்னும் பழியும் வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். உரியவரிடம், உரிய இடத்தில், உரிய சொல்லால் சொல்லுங்கள்.

1. எடையைத் தனியிடத்தில் பாருங்கள். ஒரு திரையும் ஒரு மேசையும் போதும். எண்ணைக் கூவ வேண்டாம். எழுதுபவர் அருகில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளட்டும். படிவத்தை மாணவர் கையில் கொடுத்து வகுப்பைச் சுற்ற விடாதீர்கள்.

2. கவலை தரும் எண்ணாக இருந்தால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். பேச்சு பழக்கங்களைப் பற்றியதாக இருக்கட்டும், பிள்ளையின் உருவத்தைப் பற்றியதாக வேண்டாம். 'உன் பிள்ளை குண்டு' என்பது தீர்ப்பு. 'காலையில் என்ன உண்கிறான், எத்தனை மணிக்கு உறங்குகிறான், எப்போது விளையாடுகிறான்' என்பவை கேள்விகள். தீர்ப்பு வாயை அடைக்கும். கேள்வி வாயைத் திறக்கும்.

3. பட்டப்பெயர்களை ஒழியுங்கள். அதனை ஆசிரியர் அறையிலிருந்து தொடங்குங்கள். நாம் கொல்லைப்புறமாகச் சொல்வதைப் பிள்ளைகள் முன்வாசலில் பேசுவார்கள்.

4. உடற்கல்விப் பாடவேளையைத் திருடாதீர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது; அத்தேர்வின் பெயரால் திடலைப் பூட்டிவைத்த பழக்கமும் அதோடு போயிருக்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. வாரத்தில் கிடைக்கும் ஓரிரு பாடவேளைகளையும் கணிதத்திற்குக் கொடுத்துவிட்டால் பிள்ளை எங்கே வியர்க்கும்? உடற்பயிற்சியைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். 'திடலைச் சுற்றி ஓடு' என்பது தண்டனையானால், ஓட்டத்தை வாழ்நாள் முழுதும் வெறுப்பார்கள்.

5. பரிசுகளை மாற்றுங்கள். பென்சில், நூல், கூடுதல் ஐந்து நிமிட விளையாட்டு. இனிப்புப் பானங்களுக்கு 2019 சூலையில் அரசே வரி விதித்தது. அரசு வரி போட்டு அச்சுறுத்தும் பொருளை ஆசிரியர் பரிசாகக் கொடுக்கலாமா?

6. பெற்றோர்களே, பிள்ளையை நிறுக்கும் முன் உங்களை அளந்துகொள்ளுங்கள். ஆசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை. மாலையில் பிள்ளையோடு அரை மணி நேரம் நடங்கள். அறிவுரையைக் காட்டிலும் அந்த நடை நெடுந்தொலைவு போகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் எடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்னர் உண்டது செரித்ததா என்று அறிந்து, பசித்தபின் அளவோடு உண்பதையே அங்கு வற்புறுத்துகிறார். மனிதனின் உருவத்தை அவர் பழிக்கவில்லை; பழக்கத்தைத் திருத்துகிறார். அந்நூலை மனனம் செய்யும் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகின்ற நாம், அதன் வழியில் பிள்ளைகளிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

அடுத்த செகாக் சோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் பள்ளியில் ஒரு திரைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு கருத்தாக எழுப்புங்கள். செலவு ஒரு துணியும் ஒரு கயிறும்தான்.

மாற்றுக் கருத்து உடையோர் தயங்காமல் எழுதுங்கள், பேசித் தெளிவோம்.

அன்புடன்,
யோங் பெங்கிலிருந்து ஓர் ஆசிரியர்